விளக்கடியில் சொன்ன பெயர்கள்

சிலமலை வெள்ளைத்துரை துறவியாகப் போனது கடவுளைத் தேடி அல்ல. யாரும் பேசாத ஓர் இடத்தைத் தேடித்தான் போனார். பின்னாளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது சிரிக்கமாட்டார், வெட்கப்படவும் மாட்டார்.

சிலமலையில் அவருக்குக் கிணற்றுப் பாசனத்தோடு கொஞ்சம் நிலம் இருந்தது. சோளமும் நிலக்கடலையும் போடுவார். மனைவி பெயர் கருத்தம்மா. கல்யாணமாகி நெடுநாள் கழித்து உண்டான பிள்ளை. வலி கண்டதும் வண்டியைப் பூட்டி, மாட்டை விரட்டிக்கொண்டு போடிக்குக் கிளம்பினார். போடியை எட்டிப் பிடிப்பதற்குள் வண்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த முனகல் நின்றுபோனது. தாயையும் பிள்ளையையும் ஒரே குழியில் வைத்துவிட்டு வீடு திரும்பினார்.

அதற்குப் பிறகுதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் பலருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிவதில்லை. எதையாவது சொல்லியாக வேண்டும். எழுதிவைத்தது அவ்வளவுதான் என்றார் ஒருவர். பூவோடும் பொட்டோடும் போய்விட்டாள், கொடுத்துவைத்தவள் என்றாள் ஒருத்தி. "ஒனக்கு என்ன வயசாயிருச்சு, வேற ஒண்ணு பாப்போம்" என்று தோளைத் தட்டினார் ஒரு பங்காளி. கருத்தம்மாவின் அண்ணன் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இன்னுங் கொஞ்சம் வெரசா வண்டி கட்டியிருந்தா பொழச்சிருப்பா, மாப்ளே."

 கடலை பிடுங்கி முடிந்ததும் வெள்ளைத்துரை நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மாற்று வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மேற்கே நடந்தார். சுதந்திரம் வந்த மறு வருஷம் அது.

போடியிலிருந்து குரங்கணி போகையில், மலை தொடங்குகிற இடத்தில், பாதையை ஒட்டி ஒரு காட்டு ஓடை வரும். அதன் மேல் போட்டிருந்த மரப்பாலத்தைத் தாண்டினால் பாறையடி மடம். இரண்டு தலைமுறைக்கு முன்னால் அங்கே வந்து உட்கார்ந்த ஒரு சாமி அங்கேயே அடங்கினார். அவர் சமாதியின்மேல் ஒரு லிங்கம், முன்னால் ஒரு கல்விளக்கு. பின்கட்டில் ஓடு வேய்ந்த நீளக் கூடம், அடுக்களை, மேலே சரிவில் தனியாக ஒரு குடில். வெள்ளைத்துரை போனபோது அங்கே மூன்று துறவிகள் இருந்தார்கள். மடத்துத் தலைவரை எல்லோரும் பெரிய சாமி என்றார்கள். மெலிந்த மனிதர், குரல் எழும்பாது. அடுக்களையைப் பார்த்துக்கொண்டவர் சமையல் சாமி. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்து, வடமொழியும் தமிழும் கரைத்துக் குடித்திருந்த மூன்றாமவர் வாத்தியார் சாமி.

வெள்ளைத்துரை மூன்று வருஷம் வெள்ளை வேட்டியோடு இருந்தார். பிறகு காவி கொடுத்து அமலானந்தர் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் மடத்துச் சுவரைத் தாண்டி வெளியே போகவே இல்லை. மலையேறுகிற சனங்களுக்கு அவர் தொரைச்சாமிதான்.

காவி கொடுத்த அன்று பெரிய சாமி அவரைக் கூப்பிட்டு, "இனிமே வர்றவுகள நீ பாத்துக்க" என்றார்.

தொரைச்சாமி இதை எதிர்பார்க்கவில்லை. எந்தப் பேச்சுக்குப் பயந்து ஓடி வந்தாரோ அது வாசலில் வந்து நிற்கும். அதை உட்காரவைத்து உபசரிக்க வேண்டும். மறுத்துப் பேச முடியாது. தலையை ஆட்டினார்.

மடத்துக்கு ஆள் வரத்து அதிகம். ஏலத்தோட்டங்களுக்குப் போகிற குறுக்குப்பாதை மடத்துக்குப் பின்னால்தான் ஏறியது. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், காய்ச்சலோடு இறங்குகிறவர்கள், மூட்டை சுமக்கிற பெண்கள், பொதிக்கழுதைக்காரர்கள் என்று ஓயாமல் வந்தார்கள். கூழோ கஞ்சியோ குடித்துவிட்டு, கால்களில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, ஒரு பாட்டம் பேசிவிட்டுப் போவார்கள். பௌர்ணமியன்று போடி ஏலக்காய்க் கடைக்காரர்கள் குடும்பத்தோடு ஜீப்பில் வந்து இறங்குவார்கள்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அந்தியில் கல்விளக்கை ஏற்றியதும் நான்கு துறவிகளும் சுற்றி உட்காருவார்கள். அன்று வந்துபோனவர்களின் பெயரையும் அவர்கள் சொன்ன குறையையும் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். முதலில் உயிரோடிருப்பவர்கள், பிறகு இறந்துபோனவர்கள். அடுத்து சற்று நேரம் மௌனம். இதுதான் அவர்களுடைய அந்திப் பூசை. பெயர்களை மனதில் வைத்திருந்து சொல்கிற பொறுப்பும் வாசலைப் பார்ப்பவருக்கே வந்து சேர்ந்தது.

தொரைச்சாமி ஒன்றையும் விடாமல் சொன்னார். "முத்துப்பேச்சி, மக வயித்துல பிள்ள தங்க மாட்டேங்குது. சுடலை, கால்ல புண்ணு. பெத்துராஜ், அப்பாவுக்குக் கண்ணு தெரியல." லாரியில் மூட்டை ஏற்றுகிறவர் எண்ணிக்கை சொல்வது போல இருக்கும். வந்தவர்கள் பேசும்போது அவர் முகத்தைப் பார்த்தால் கேட்கிறாரா இல்லையா என்றே தெரியாது. வாயிலிருந்து பெயரைப் பிடித்துவிட்டால் போதும், அவர் வேலை முடிந்தது. ஒவ்வொரு குருபூசையன்றும் பெரிய சாமியின் காலைத் தொட்டுவிட்டு மேல் குடிலில் தனியே இருக்க உத்தரவு கேட்பார். "பாப்போம்" என்பார் பெரிய சாமி.

ஐம்பத்தைந்தில் ஐப்பசி மழை வழக்கம்போல்தான் தொடங்கியது. பிறகு நிற்கவில்லை. ஒரு நாள் பிற்பகல் மலைமேலிருந்து மரங்கள் முறிகிற சத்தம் கேட்டது. ஓடை செம்மண் நிறத்தில் பொங்கி வந்து, மரப்பாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. பின்னால் தோட்டத்துக்கு ஏறுகிற பாதை சரிந்து பாறையும் சேறுமாகக் கிடந்தது. கீழேயிருந்தும் ஆள் வர வழியில்லை, மேலேயிருந்தும் வழியில்லை. மடத்தில் தானியத்துக்குக் குறைவில்லை, விறகும் இருந்தது. ஆகவே அதை யாரும் பெரிய ஆபத்தாக நினைக்கவில்லை.

"இப்பத்தான் மடம் மடமாட்டம் இருக்கு" என்றார் வாத்தியார் சாமி, கையைத் தேய்த்துக்கொண்டு. தொரைச்சாமிக்கும் அதே எண்ணம்தான். அவர் கேட்பதற்கு முன்பே பெரிய சாமி கூப்பிட்டார்.

"இனி தண்ணி வடியிற மட்டும் யாரும் வரப்போறதில்ல. மேல போயி இரு."

ஏழு வருஷமாக ஏங்கிய குடில். உள்ளே ஒரு பாய், ஒரு மண்குடம், மழைச் சத்தம். ஆரம்பத்தில் அவருக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். ஒரு குரல் இல்லை, ஒரு முகம் இல்லை.

ஆனால் கொஞ்ச நாளிலேயே உள்ளே வேறு ஒன்று கிளம்பியது. கண்ணை மூடினால் முழங்கால் வலிதான் முன்னால் வந்தது. பிறகு பசி. பிறகு, எங்கிருந்தோ, "இன்னுங் கொஞ்சம் வெரசா வண்டி கட்டியிருந்தா" என்கிற குரல். அந்தக் குரலுக்கு அவர் மனதுக்குள்ளேயே பதில் சொல்லத் தொடங்கினார். சாபமிட்டார். சண்டை போட்டார். வாசலில் ஆட்கள் வந்துகொண்டிருந்த காலத்தில் இதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை. இப்போது காலை முதல் அந்தி வரை அந்தக் குடிலில் அவரும் அவருடைய மச்சானும்தான். சாமி இல்லை. மழை ஓய்ந்த இடைவெளிகளில் தன் காது பாதைப் பக்கம் போவதையும் கண்டார். யாராவது இருமுகிறார்களா, கழுதை மணி கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வழுக்குகிற சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்துவிட்டார்.

கீழே நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. ஈர வேட்டியை அடுப்பு மேட்டில் உலர்த்துவது யார் என்று சமையல் சாமிக்கும் வாத்தியார் சாமிக்கும் பேச்சு முற்றி, இருவரும் முகம் கொடுத்துக்கொள்வதில்லை. ஒருவர் இருமினால் மற்றவருக்கு எரிச்சல். சமையல் சாமிக்கு நாலு பேருக்குப் பொங்கத் தெரியவில்லை. பெரிய பானையிலேயே காய்ச்சி, மிச்சத்தை ஓடையில் கொட்டிவிட்டு, கரையில் நின்று திட்டிக்கொண்டிருந்தார். யாரைத் திட்டுகிறார் என்று அவருக்கே தெரியாது. அந்தியில் விளக்கை ஏற்றிச் சுற்றி உட்கார்ந்தார்கள். சொல்வதற்குப் பெயர் இல்லை. வாத்தியார் சாமி பாடம் செய்த சுலோகங்களைக் கடகடவென்று ஒப்பித்தார். மௌனத்தில் உட்கார்ந்தால் ஒருவர் கொட்டாவி விட்டார். நாலு பேரும் அவரவர் முதுகுவலியோடு எழுந்துபோனார்கள்.

தொரைச்சாமி இறங்கி வந்ததைப் பார்த்த பெரிய சாமி ஏன் என்று கேட்கவில்லை. "கஞ்சி நெறய இருக்கு. குடி" என்றார். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வது போல, "நாமதான் அவுகளுக்குக் குடுத்துக்கிட்டிருந்தோம்னு நெனச்சேன்" என்றார்.

தண்ணீர் வடிந்ததும் குரங்கணி ஆட்கள் வந்து ஓடையின் குறுக்கே இரண்டு மரங்களை வெட்டிப் போட்டார்கள். அதில் நடந்து முதலில் வந்தவள் ஒச்சம்மாள்.

அவளை மடத்தில் எல்லோருக்கும் தெரியும். குரங்கணிக்காரி. புருஷன் சின்னச்சாமி பொதிக்கழுதை ஓட்டுபவன். தோட்டங்களுக்கு அரிசியும் உப்பும் ஏற்றிப் போய், ஏலக்காய் மூட்டையோடு இறங்குவான். சில நேரம் அவளும் கூடப் போவாள். மடத்து வாசலில் கழுதைகளை நிறுத்தி இருவரும் கஞ்சி குடிப்பார்கள். அவன் ஓயாமல் பேசுவான்; அவள் அவனை வையாமல் ஒரு வாய் குடிக்கமாட்டாள்.

இப்போது அவள் தனியாக வந்தாள். காலில் சேறு முழங்கால் வரை இருந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை. கழுவித் துடைத்த பாத்திரம் போல இருந்தது. தொரைச்சாமி எழுந்து நின்றார்.

"பெரிய சாமியப் பாக்கணும்" என்றாள்.

கூடத்தில் பெரிய சாமியும் மற்ற இருவரும் இருந்தார்கள். அவள் கும்பிடவில்லை. நின்றபடியே சொன்னாள். பாலம் போன அன்று பிற்பகல் சின்னச்சாமி மேலே தோட்டத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். கழுதைகள் இரண்டு மட்டும் காட்டுக்குள் எங்கெங்கோ சுற்றி வீடு வந்து சேர்ந்தன. அவன் வரவில்லை. வெள்ளம் வடிந்ததும் ஊரே தேடியது. உடம்பு கிடைக்கவில்லை.

"செத்துட்டாரு, காரியத்தப் பண்ணு, தாலிய வாங்குனு ஒரு பக்கம் சொல்றாக. இல்ல, தப்பிச்சு மலையாளத்துப் பக்கம் போயிருப்பாரு, வந்துருவாருனு ஒரு பக்கம் சொல்றாக. குறி சொல்றவ தெக்க இருக்காருங்கிறா. நீங்க சொல்லுங்க சாமி. இருக்காரா, செத்துட்டாரா? செத்துருந்தா எங்க இருக்காரு?"

வாத்தியார் சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆத்மாவுக்குச் சாவு இல்லை, பழைய துணியைக் களைந்து புதிய துணி உடுத்துவது போலத்தான், அழுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று மெதுவாக, நல்ல குரலில் எடுத்துச் சொன்னார். கற்றவர் சொல்கிற சொல். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒச்சம்மாள் முடிகிற வரைக்கும் கேட்டாள்.

"இதத்தேன் சாமி எல்லாரும் சொல்றாக" என்றாள்.

 சிலமலையில் தன் வீட்டு முற்றத்தில், சுவரோரமாய் உட்கார்ந்திருந்தது தொரைச்சாமிக்கு நினைவுக்கு வந்தது. இப்போது பேசுகிறவர்களின் பக்கத்தில் காவியோடு நிற்பது அவர்தான்.

ஒச்சம்மாள் பெரிய சாமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடி வெகுநேரம் இருந்தார். நாற்பது வருஷம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து, எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவர். பிறகு கண்ணைத் திறந்தார்.

"எனக்குத் தெரியல ஆத்தா" என்றார்.

வாத்தியார் சாமி திடுக்கிட்டுத் திரும்பினார்.  ஒச்சம்மாளின் தோள் தளர்ந்தது. ஊரிலிருந்து தலையில் எதையோ தூக்கிக்கொண்டு வந்தவள் அதை இறக்கிவைத்தது போல இருந்தது.

"அப்ப சரி. நான் செத்த நேரம் இங்கன உக்காந்துட்டுப் போறேன்" என்றாள். தூணடியில் உட்கார்ந்தாள்.

தொரைச்சாமி கஞ்சி கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு வழக்கம்போல விலகிப் போகாமல், ஏனென்று தெரியாமலே, எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் கஞ்சியைத் தொடவில்லை. அவரும் குடிக்கச் சொல்லவில்லை. ஓடைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அவள் கேட்டாள்: "சாமி, ஒங்களுக்கு யாரும் செத்துருக்காகளா?"

துறவியிடம் கேட்கக்கூடாத கேள்வி. காவி வாங்கும்போது அவனவன் தனக்கே கருமாதி செய்துவிட்டுத்தான் வாங்குகிறான். பிறகு ஊர் ஏது, உறவு ஏது? அப்படித்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை அவர் மகிழ்ச்சியோடு பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் கேட்ட முகம் வம்புக்குக் கேட்ட முகம் இல்லை.

"என் வீட்டுக்காரி" என்றார். "கருத்தம்மா. பிள்ள பெக்கையில போயிட்டா. பிள்ளையும் போயிருச்சு."

"ஆம்பளப் பிள்ளையா?"

"பொம்பளப் பிள்ள."

"பேரு வச்சீகளா?"

"இல்ல ஆத்தா. வைக்கல."

ஒச்சம்மாள் அவரைப் பார்த்தாள். "பேருகூட வைக்காமயா போயிருச்சு" என்றாள். சொன்னதும் அவள் முகம் கோணியது. புருஷனைத் தேடி ஊரே ஓடையோரம் அலைந்தபோது வராத அழுகை, வெறும் கழுதைகள் வந்து நின்றபோது வராத அழுகை, யாரோ ஒரு சாமியாரின் பெயரில்லாத பிள்ளைக்காக வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். தொரைச்சாமியும் அழுதார். சத்தம் போடவில்லை. கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. சமையல் சாமி அடுக்களை வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, கரண்டியோடு உள்ளே போய்விட்டார்.

வெளிச்சம் இருக்கும்போதே அவள் எழுந்தாள். ஆறிப்போன கஞ்சியை ஒரே மூச்சில் குடித்தாள். "வர்றேன் சாமி" என்று பாலத்தைத் தாண்டிப் போனாள்.

அந்தியில் விளக்கை ஏற்றினார்கள். மழைக்குப் பிறகு முதன்முதலாகச் சொல்வதற்கு ஒரு பெயர் இருந்தது. தொரைச்சாமி வாயெடுத்தார், நிறுத்திக்கொண்டார். சின்னச்சாமியை உயிரோடிருப்பவர்களோடு சொல்வதா, இறந்தவர்களோடு சொல்வதா?

பெரிய சாமிதான் வழி சொன்னார். "நடுவுல சொல்லு. தனியாச் சொல்லு."

அப்படியே சொன்னார். உயிரோடிருப்பவர்களில் ஒச்சம்மாள். பிறகு ஒரு மூச்சு விட்டு, சின்னச்சாமி. இன்னொரு மூச்சு. இறந்தவர்கள். அங்கே வந்ததும் அவர் குரல் நின்றது. மற்ற மூவரும் காத்திருந்தார்கள்.

"கருத்தம்மா" என்றார். "அவ பிள்ள."

வாத்தியார் சாமி சட்டென்று பெரிய சாமியைப் பார்த்தார். முறை தப்பிவிட்டது, கண்டிப்பார் என்று நினைத்திருக்கலாம். பெரிய சாமி விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் திருப்பிச் சொன்னார்: "கருத்தம்மா. அவ பிள்ள." சமையல் சாமியும் சொன்னார். கடைசியாக வாத்தியார் சாமியும் சொன்னார். அன்று மௌனத்தில் யாரும் கொட்டாவி விடவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். தொரைச்சாமி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது வாத்தியார் சாமி பக்கத்தில் வந்து நின்றார். பேசுவதற்குச் சொல் தேடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அன்று தேடினார்.

"எங்க அம்மா செத்ததுக்கு நான் போகல. தகவல் வந்துச்சு. துறவிக்கு அம்மா ஏதுன்னு இருந்துட்டேன்." துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ராஜாத்தின்னு பேரு. இன்னிக்கு அந்தப் பேரையும் சேத்துச் சொல்லுங்க."

தொரைச்சாமி சேர்த்துச் சொன்னார்.

வாசலில் அவர் இருந்த இருப்பு அதன் பிறகு மாறிவிட்டது. பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. வந்தவர்கள் பேசும்போது எதிரே உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஆறுதல் சொல்ல அவருக்கு வராது, வந்தாலும் சொல்லமாட்டார். ஏலத்தோட்டத்தில் கங்காணி அடித்ததைச் சொன்ன பெண்ணிடம் "எந்தக் கையில அடிச்சான்?" என்று கேட்டு அந்தக் கையை வாங்கிப் பார்த்தார். அந்தியில் பெயர் சொல்லும்போது இப்போது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் இருந்தது. சில பெயர்களில் குரல் தாழ்ந்தது. மற்றவர்கள் திருப்பிச் சொல்வதும் மாறியது. தியானம் கூடவில்லை, மனம் ஓடுகிறது என்று ஒருவருக்கொருவர் புலம்பிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். பொழுது விடியும்போதே சமையல் சாமி பாலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பெரிய பானையில் அவர் கை தாராளமாக ஓடியது. குருபூசையன்று குடிலுக்கு உத்தரவு கேட்க யாரும் வரவில்லை.

போடியிலிருந்து மடத்துக்கு உப்பும் மண்ணெண்ணெயும் கொண்டுவருகிற அம்மாள் ஒருத்தி. பெயர் ஜெயபாக்கியம். கணவர் தங்கபாண்டியன் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார், கிறிஸ்தவக் குடும்பம். சாமான் இறக்கிவிட்டு அவள் கிளம்பும்போது ஒரு நாள் தொரைச்சாமி தயங்கியபடி சொன்னார்:

"பெரிய சாமிக்கு மூச்சுத் திணறுது. எங்களுக்காகவும் ஒரு வார்த்த வேண்டிக்கங்கம்மா."

ஜெயபாக்கியம் திகைத்துப்போனாள். "நான் வேதக்காரி, சாமி."

"ஒங்க சாமிகிட்டயே சொல்லுங்க. எங்களுக்கும் ஆள் வேணும்ல."

அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலில் முழங்கால் போட்டு, பாறையடி மடத்துச் சாமிமார் நாலு பேருக்காக என்று சொல்லி ஜெபித்தாள். அதை அடுத்த முறை வரும்போது சொல்லியும்விட்டாள். கேட்ட பெரிய சாமி கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தானும் கும்பிட்டாள்.

ஒச்சம்மாள் மிஞ்சிய இரண்டு கழுதைகளையும் தானே ஓட்டத் தொடங்கினாள். பொம்பளை பொதி ஓட்டுவதா என்று குரங்கணியில் பேசினார்கள். தாலியைக் கழற்றவில்லை என்றும் பேசினார்கள். அவள் ஏறும்போதும் இறங்கும்போதும் மடத்தில் நின்று கஞ்சி குடித்தாள். அந்திதோறும் சின்னச்சாமியின் பெயரை நடுவிலே, தனியாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வருஷம் ஆடி அமாவாசையன்று அவள் பொதி இல்லாமல் வந்தாள்.

"போதும் சாமி. இனிமே செத்தவுகளோட சேத்துச் சொல்லுங்க" என்றாள். ஓடையில் இறங்கித் தாலியைத் தண்ணீரில் விட்டாள். தொரைச்சாமி கரையில் நின்றார்.

அதே வருஷம் புரட்டாசியில், பொழுது நன்றாக ஏறிய நேரத்தில், பெரிய சாமி அடங்கினார். குடிக்கத் தண்ணீர் கேட்டு, பாதி குடித்தார், அவ்வளவுதான். செய்தி மலையேறுகிறவர்களின் வாய்வழியே மேலும் கீழும் போனது. மறுநாள் காலையில் மடத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. தோட்டங்களிலிருந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கினார்கள். சிலமலையிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். கடைக்காரர்களின் ஜீப்புகள் பாதையோரம் நின்றன. சமாதிக் குழிக்கு வேண்டிய உப்பையும் விபூதியையும் கற்பூரத்தையும் ஒச்சம்மாள்தான் போடியிலிருந்து கழுதைகளில் ஏற்றி வந்தாள்.

துறவியைச் சமாதியில் உட்காரவைத்து, விபூதியும் உப்பும் இட்டு மூடுவது துறவிகளின் கையால்தான் நடக்க வேண்டும். அதுதான் முறை; அதை எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் வாத்தியார் சாமி. மடத்துப் பொறுப்பும் இப்போது அவரிடம் வந்திருந்தது. மந்திரத்தைச் சொல்லி முதல் கை விபூதியை இட்டார். தொரைச்சாமியும் சமையல் சாமியும் இட்டார்கள். அடுத்த கைக்குக் குனிந்த வாத்தியார் சாமி நிமிர்ந்து, சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தார்.

"நாங்க மூணு பேரு மட்டும் போட்டா அவருக்குப் பத்தாது" என்றார். "எல்லாரும் வாங்க. ஒவ்வொரு கை போடுங்க."

ஒருவரும் அசையவில்லை. மடத்து முறை அவர்களுக்கும் தெரியும். தொரைச்சாமி ஒச்சம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் முன்னே வந்து, தான் கொண்டுவந்த உப்பிலேயே இரண்டு கை அள்ளி இட்டாள். பிறகு கூட்டம் நகர்ந்தது. அட்டை கடித்த தழும்புள்ள கால்கள், மோதிரம் போட்ட கைகள், குழந்தையை இடுப்பில் வைத்தபடி குனிந்தவர்கள். ஜெயபாக்கியம் ஓரமாக நின்றாள். அவள் முறை வந்தபோது விபூதித் தாம்பாளத்தைப் பார்த்துத் தயங்கினாள்.

"எங்க வழக்கத்துல மண்ணு போடுவோம், சாமி. போடலாமா?"

"போடுங்கம்மா" என்றார் வாத்தியார் சாமி.

அவள் குழியோரத்து ஈர மண்ணில் ஒரு கை எடுத்து, கண்ணை மூடி உதடுகளை அசைத்துவிட்டு, மெதுவாக விட்டாள்.

சமாதி மூடி முடிய உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. சமையல் சாமி சமையலை எப்போது தொடங்கினாரோ, கூடத்திலும் வெளியிலும் இலை போட்டார்கள். தொரைச்சாமி வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறக் கிளம்பினார். பந்தியின் முனையில் உட்கார்ந்திருந்த தோட்டத்துக் கிழவன் கண்ணுச்சாமி எழுந்து, அவர் கையிலிருந்த வாளியைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்கு நீங்க உக்காருங்க சாமி. செத்தது ஒங்க வீட்டு ஆளு."

தொரைச்சாமி மறுக்கப் பார்த்தார். வாளி அவர் கையை விட்டுப் போயிருந்தது. பந்தியில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மூட்டை சுமக்கிற முத்துப்பேச்சிக்கும் ஒரு பொதிக்காரனுக்கும் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒச்சம்மாள் குனிந்து அவர் இலையில் சோற்றை வைத்து, குழம்பை ஊற்றினாள்.

"சாப்பிடுங்க" என்றாள்.

சாப்பிட்டார்.